மடத்துக்குப் போன முட்டுக்கிடாய்

ஆனைமல்லூர் அரசர் வீரகேசரி பசியைக்கூடப் பொறுத்துக்கொள்வார். கிடாய்முட்டு இல்லாத வாரத்தைப் பொறுக்க மாட்டார். அன்றைக்கும் திடலில் ஒரே நெரிசல். ஒரு பக்கம் யானைக்குட்டி மாதிரிக் கறுப்புக் கிடாய். எதிர்ப்பக்கம் எலும்பும் தோலுமாக ஒரு வத்தல் கிடாய். இரண்டும் அரசருடையவைதான். எந்தக் கிடாய் ஜெயிக்கும் என்று நினைக்கிறோமோ அதன் காலடியில் தோள் துண்டைப் போட வேண்டும். அதுதான் பந்தயம் கட்டுகிற முறை. ஜெயித்த கிடாயும் அது மேய்வதற்கு ஆற்றங்கரை மாந்தோப்பும் பரிசு என்று அரசர் அறிவித்தார். இரண்டையும் பிரிக்கக் கூடாது, கிடாய் யாரிடமோ தோப்பும் அவரிடம் என்றும் சொல்லிவிட்டார். ஊரார் துண்டெல்லாம் கறுப்பன் காலடியில் குவிந்தது.

அரசவையில் யாரையும் பேச்சிலேயே மடக்கிவிடும் சங்குமுத்து மட்டும் ஓரமாக நின்றான். பந்தயம் கட்டுவதில்லை என்று மனைவி சிவகாமவல்லிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். முகம் துடைக்கலாம் என்று துண்டை எடுத்து உதறினான். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் வத்தல் கிடாயின் காலடியில் போட்டது. எடுக்க ஓடினான். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

மணிச்சத்தம் கேட்டால் எதிரே நிற்பது எதுவானாலும் முட்டு என்று பழக்கி வைத்த கிடாய்கள் அவை. வத்தல் பாய்ந்து முட்டிய வேகத்தில் கறுப்பன் உருண்டு புரண்டு எழுந்தது. எழுந்ததும் தன் கொட்டில் இருக்கும் திசையில் ஓடியே போய்விட்டது.

வத்தலும் தோப்பும் தனக்கே என்றதும் சங்குமுத்துவுக்கு வாயெல்லாம் பல். மாம்பழம் என்றால் உயிரை விடுகிறவன் அவன். ஆனால் வீட்டுக்குப் போனால் சிவகாமவல்லி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நான் கட்டவில்லை, காற்றுதான் கட்டியது என்று கெஞ்சிப் பார்த்தான்.

"தெரியாம மிதிச்சா சாணி ஒட்டாதா? சூதுல வந்த மாம்பழம் இந்த வாசப்படி ஏறக் கூடாது. ஏறுச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

மாம்பழமும் வேண்டும், மனைவியும் வேண்டும். பாவம், என்ன செய்வான்? மறுநாள் கிடாயை இழுத்துக்கொண்டு அரசவைக்குப் போய் நியாயம் கேட்டான். தீர்ப்பைத் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்று சிவகாமவல்லியும் கூடவே வந்துவிட்டாள். தர்மம் சம்பந்தப்பட்டது என்பதால் அரசர், ராஜகுருவான பரிபூரணத் தம்பிரானைப் பார்த்தார். தம்பிரான் ஒரு மடத்துக்குத் தலைவர். மடத்தை ஒட்டியதுதான் அந்த மாந்தோப்பு. மதில்மேல் தொங்கும் பழங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்தே ஒரு பக்கமாகத் திரும்பிப் போயிருந்தது.

சூதில் வந்தது மகாபாவம், இல்லறத்தான் வைத்துக்கொண்டால் குலத்துக்கே ஆகாது என்று அவர் ஆரம்பித்தார். மடத்துக்குக் கொடுத்துவிட்டால் பாவம் அங்கேயே பொசுங்கிவிடும் என்று முடித்தார்.

"அப்படியானா மடம் பாவம் சுமக்காதா, சுவாமி?" என்று சங்குமுத்து பவ்யமாகக் கேட்டான்.

"மடத்து வாசலைத் தாண்டிட்டா எதுவும் சுத்தம்தானப்பா. ஆறு வேளையும் பூஜை நடக்கிற இடம். அந்த மணியோசை கேட்டாலே பாவம் ஓடிப் போயிடும்."

"ஆறு வேளையும் மணி அடிப்பீங்களா?"

"தவறாம அடிப்போம்."

சங்குமுத்து உடனே ஒப்புக்கொண்டான். கயிற்றைத் தம்பிரான் கையில் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு, ரொம்ப நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போனான்.

விடியற்காலைப் பூஜைக்குத் தம்பிரான் குனிந்து விளக்கு ஏற்றினார். சீடர் மணியை அடித்தார். அடுத்து நடந்ததைத் தம்பிரான் பார்க்கவில்லை. அது அவருக்குப் பின்பக்கமாக நடந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் பந்தியே இலையை விட்டு எழுந்து ஓடியது. மணி நாக்கில் துணியைச் சுற்றிப் பார்த்தார்கள். மணி அடிக்காத மடமும் உண்டா என்று ஊர் சிரித்தது. அதோடு விட்டதா? தெருவில் போன மாட்டின் கழுத்து மணிக்கும் கிடாய் மடத்துக்குள்ளிருந்தே கிளம்பியது. வழியில் நின்றவர் தம்பிரான்.

வாரம் முடிவதற்குள் அவர் கிடாயோடு அரசவைக்கு வந்துவிட்டார். கயிறு சீடர் கையில் இருந்தது. தம்பிரான் தூண் மறைவில் நின்றார். அரசர் ஆசனம் காட்டினார். நிற்பதே சௌகரியமாக இருக்கிறது என்று தம்பிரான் சொல்லிவிட்டார். கிடாயை மட்டும் திருப்பித் தருகிறேன், தோப்பு மடத்திலேயே இருக்கட்டும் என்று மெல்ல இழுத்தார். பிரிக்கக் கூடாது என்பது பந்தயத்திலேயே சொன்னதாயிற்றே என்று அரசர் கையை விரித்தார்.

"அப்போ ரெண்டையும் சங்குமுத்துவே எடுத்துக்கட்டும்" என்றார் தம்பிரான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

சங்குமுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "சிவ சிவா. சூதுப் பொருளை நான் தொடலாமா, சுவாமி? என் சம்சாரம் அதோ நிக்கிறா. அவ என்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டா."

"அட, அது சூதுப் பொருளே இல்லப்பா. மடத்துக்குள்ள வந்து சுத்தமாகிப் போச்சு. இப்போ அது மடத்துப் பிரசாதம்."

"பிரசாதம்னா விபூதி பூசித்தானே கொடுக்கணும்?"

வேறு வழி? தம்பிரான் ஒரு நீளக் கழியை வாங்கி, அதன் நுனியில் விபூதியை ஒட்டவைத்து, தூணுக்குப் பின்னால் இருந்தபடியே கிடாயின் நெற்றியில் இட்டார். சிவகாமவல்லி முன்னால் வந்து, பயபக்தியோடு கயிற்றைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். குருவே கொடுத்த பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சங்குமுத்துவுக்கு அங்கேயே மாம்பழ வாசனை அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கியது. அதை நிமிர்த்திக்கொண்டு, அவனுடைய சாமர்த்தியத்துக்கு ஒரு சோடி முத்துக் கடுக்கன் கொடுக்கச் சொன்னார். பிறகு தம்பிரான் பக்கம் திரும்பினார்.

"குருவே, பந்தயத்துல ஜெயிச்ச கிடாய்கள் என் கொட்டில் நிறைய நிக்குது. அந்தப் பாவத்தையும் இன்னைக்கே மடத்துக்கு ஓட்டிவிடச் சொல்லட்டுமா?"

தம்பிரான் அதற்குள் பாதி வாசலைத் தாண்டியிருந்தார்.

"மகாராஜா, நேத்து ராத்திரிதான் சாஸ்திரத்தை மறுபடி புரட்டிப் பார்த்தேன். சூது அப்படியொண்ணும் பெரிய பாவமில்லே."