முப்பது கண்ணி

மலையூர் ஒன்றில் ஜெசிந்தா என்றொரு ஆசிரியை இருந்தார். வயது முப்பத்து நான்கு. புதன்கிழமை மாலைகளில் நூலகத்தின் பின்னறையில் குரோஷா பின்னல் சொல்லிக்கொடுப்பார்.

அவரிடம் மாணவராக வந்து சேர்ந்தார் வரதப்பன். வயது அறுபத்து மூன்று. வனத்துறைச் சோதனைச்சாவடியில் முப்பது வருடம் மூட்டைகளைக் குத்திப் பார்த்தவர். இப்போது விரல்கள் விறைத்துப்போகின்றன. கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜெசிந்தா அவரிடம் கொக்கி வைத்த ஊசியையும் பச்சை உல்லன் நூலையும் கொடுத்தார்.

"முதல்ல ஒரு மஃப்ளர் பின்னுங்க. அகலத்துக்கு முப்பது கண்ணி, அதாவது முப்பது வளையம். எல்லா வரிசையும் முப்பதுலதான் முடியணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஒரு வகுப்பில் மூன்று வரிசைக்கு மேல் அவர் கை ஓடவில்லை. மூன்றாவது புதன்கிழமை, வகுப்பு முடிகிற நேரத்தில் மஃப்ளரை மேசைமேல் விரித்தார். போகப்போக அகலம் குறைந்திருந்தது. எண்ணினார். இருபத்தொன்று.

பக்கத்து நாற்காலியில் பூங்காவனம். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிறவர். லாரி ஓட்டும் கணவருக்காகப் பின்னிக்கொண்டிருந்தார். அவர் கையிலும் அதே பச்சை நூல். அவருடைய மஃப்ளர் ஓரம் பிசகாமல் நீண்டுகொண்டே போனது.

வரதப்பன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

அன்று பையை அறையின் அலமாரியில் வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார். அடுத்த வாரம் வந்ததும் எண்ணினார். இருபத்தொன்று அப்படியே இருந்தது. வகுப்பு முடியும்போது எண்ணினார். பதினெட்டு.

நடுவில் டீ குடிக்க ஒரே ஒரு தடவைதான் எழுந்து போயிருந்தார்.

எல்லோரும் நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா," என்றார் பூங்காவனத்திடம். "பையைத் திறங்க."

"எதுக்குங்க?"

"நான் டீ குடிக்கப் போனப்ப என் நூலை யாரோ உருவியிருக்காங்க."

"ஐயா, உங்க மஃப்ளரோட ஓரத்தை முதல்ல பாருங்க," என்றார் ஜெசிந்தா.

வரதப்பன் காதில் வாங்கவில்லை. பூங்காவனம் பையை மேசைமேல் கவிழ்த்தார். ஒரு நூல்கண்டு, ஊசி, டிபன் டப்பா, பாதி பின்னிய மஃப்ளர். வரதப்பன் நூல்கண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அதே பச்சை," என்றார்.

பூங்காவனம் எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் போட்டார். டப்பாவின் மூடி கழன்றுகொண்டே இருந்தது. இரண்டு தடவை அழுத்தி மூடினார். யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. நல்ல மழை என்பதால் மற்றவர்களும் வரவில்லை. வரதப்பன் மட்டும் குடையோடு வந்து உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா டீச்சர்? எடுத்தவங்க வர மாட்டாங்க."

ஜெசிந்தா கதவைத் தாழிட்டுவிட்டு அவருக்கு எதிரே அமர்ந்தார்.

"இப்ப எத்தனை கண்ணி?"

"பதினெட்டு."

"ஒரு வரிசை பின்னுங்க."

பின்னினார். எண்ணினார். பதினேழு.

மறுபடி எண்ணினார். மெல்ல நிமிர்ந்து ஜெசிந்தாவின் கைகளைப் பார்த்தார்.

"ரூம்ல நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்."

"ஆமா."

"நான் குனிஞ்ச தலை நிமிரல."

"அப்ப என் மேலயும் சந்தேகம்தான்."

வரதப்பன் அவர் கைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜெசிந்தா இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து நீட்டினார்.

"கட்டிட்டுப் பின்னுங்க."

வரதப்பன் தயங்கினார். ஆனாலும் கட்டினார். பச்சை நூலால் நாலு சுற்று. மேலே, சாவடியில் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து இன்னொரு வரிசை பின்னினார்.

பதினாறு.

ஜெசிந்தாவின் மணிக்கட்டில் இருந்த முடிச்சைப் பார்த்தார். அப்படியே இருந்தது.

"எப்படி டீச்சர்?"

"ஓரத்தை விரிச்சுப் பாருங்க."

விரித்தார். வரிசையின் கடைசியில் ஒரு கண்ணி இறுகிச் சுருண்டு கிடந்தது. அதற்குள் ஊசி நுழையவே இல்லை. கீழ் வரிசையிலும் அதேபோல் ஒன்று. அதற்குக் கீழேயும்.

"இதையா விட்டுட்டுத் திரும்பினேன்?"

"ஒவ்வொரு வரிசையிலயும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"ஓரத்தைப் பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க அவங்க பையைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

வரதப்பன் ஊசியைக் கீழே வைத்தார்.

"அவங்க அடுத்த வாரம் வருவாங்கதானே?"

"தெரியாது. நீங்க சொன்னது தொழிற்சாலை வரைக்கும் போயிருச்சு. சாயங்காலம் கேட்ல மேஸ்திரி அவங்க பையை மட்டும் கொட்டிப் பார்க்கிறாராம். நாலு நாள் பொறுத்திருக்காங்க. நேத்துலேர்ந்து வேலைக்குப் போறதில்ல."

வரதப்பன் எழுந்து வந்தார். ஜெசிந்தாவின் மணிக்கட்டில் தான் போட்ட முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இளகவில்லை. நகத்தால் நெம்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

ஜெசிந்தா கைகளை இழுத்துக்கொண்டார்.

"இது நூல்தாங்க ஐயா. பல்லால கடிச்சு நானே அவிழ்த்துக்குவேன். நீங்க அந்த மேஸ்திரியைப் போய்ப் பாருங்க. கேட் மூட இன்னும் அரை மணி நேரம் இருக்கு."