ஒளிப்பலகையில் படித்த முயல்குட்டி

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், குட்டிகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போகிறவர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது, குழந்தைகளே. அதை நடத்தியது தற்பெருமை பிடித்த மயில். அங்கே படிக்க வந்தவற்றில் ஒன்று, சொன்ன பேச்சைத் தட்டாத பெண் புள்ளிமான்.

பள்ளிக்குப் புதிதாக ஓர் ஒளிப்பலகை வந்திருந்தது. தொட்டால் போதும், பத்து நெல்லிக்காய்கள் தோன்றும். மறுபடி தொட்டால் நான்கு உருண்டோடும். மிச்சம் ஆறு என்று வண்ண வண்ணமாக மின்னும். எங்கே தொடுவது, எப்படி நிறம் மாற்றுவது என்று மயில் ஒரு மாதம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது.

"ஐயா, பலகையைப் பார்த்தும் ஒரு குட்டிக்குப் புரியவில்லை என்றால் என்ன செய்வது?" என்று மான் கேட்டது.

"இன்னொரு முறை தொடு. கொம்பில்லாத தலைக்குள் இத்தனை கேள்வி எதற்கு?" என்றது மயில்.

கூடப் படித்த குரங்குகள் சிரித்தன. மான் பலகையை இன்னொரு முறை தொட்டது.

தேர்வு நாள் வந்தது. மான் முயல்குட்டிகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். மயில் பின்னால் நின்று மதிப்பெண் போடும். நெல்லிக்காய்கள் உருண்டன. விடை மின்னியதும் குட்டிகள் கத்திச் சொன்னன. குட்டைக்காது என்ற குட்டியின் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிது. ஆனால் விடை மின்னும் வரை அது வாயே திறக்கவில்லை. மான் அதைக் கவனித்துவிட்டது.

பலகையை அணைத்துவிட்டு, "குட்டைக்காது, ஒன்பதில் ஐந்து போனால் எத்தனை?" என்று கேட்டது.

குட்டி இருண்ட பலகையையே பார்த்துக்கொண்டு நின்றது. "டீச்சர், அதைப் போடுங்கள், சொல்கிறேன்."

மான் கூழாங்கற்களைப் பொறுக்கி அதன் முன்னால் வைக்கலாமா என்று குனிந்தது. பின்னாலிருந்து மயில் கனைத்தது. "நேரத்தை வீணாக்காதே. பலகைக்குத்தான் மதிப்பெண்."

மான் பலகையைத் தொட்டது. "நான்கு" என்று கத்தியது குட்டைக்காது. மான் முதலாவதாகத் தேறியது.

முயல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தி சாயும்போது வளை வாசலைக் கல்லால் மூடிவிடும். மூடிய பிறகு யார் தட்டினாலும் விடியும் வரை திறக்காது. நரியும் தட்டும் அல்லவா? அதனால் மூடுவதற்கு முன், வெளியே போனதில் இன்னும் எத்தனை வர வேண்டும் என்று வாசலில் நிற்கிற முயல் கணக்குச் சொல்ல வேண்டும்.

அன்று குட்டைக்காதின் முறை. பதினான்கு முயல்கள் மேயப் போயிருந்தன. பதினொன்று திரும்பிவிட்டன. பால் குடிக்கும் பிள்ளைகளோடு உள்ளே படுத்திருந்த குட்டைக்காதின் தாய் முயல், "இன்னும் எத்தனைடா?" என்று கேட்டது.

குட்டைக்காது மண்சுவரைப் பார்த்தது. அங்கே எதுவும் மின்னவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். "ஒன்று" என்றது.

சிறிது நேரத்தில் ஒரு முயல் ஓடி வந்தது. வாசலைக் கல்லால் மூடினார்கள்.

கொஞ்சம் கழித்து வெளியே தட்டும் சத்தம் கேட்டது. "நம் ஆட்கள் எல்லாம் வந்தாயிற்று. அது நரிதான், பேசாமல் படுங்கள்" என்றது தாய் முயல். வெகுநேரம் தட்டிவிட்டு அந்தச் சத்தம் நின்றது.

விடிந்ததும் கல்லைத் தள்ளிப் பார்த்தார்கள். வாசலில் கொஞ்சம் முயல் மயிர் மட்டும் கிடந்தது.

செய்தி கேட்டு மயிலும் மானும் வந்தன. "பலகையில் பிழையே இல்லை. அது எப்போதும் சரியான விடையைத்தான் காட்டியது" என்றது மயில்.

"அதன் மேல் எனக்கு வருத்தமில்லை. என் பிள்ளை முழிப்பதைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது" என்றது தாய் முயல். பிறகு மானிடம் திரும்பியது. "இவனுக்குப் புரியவில்லை என்று உனக்குத் தெரியாதா, அம்மா?"

"தெரியும்" என்றது மான்.



நீதி: கருவி விடையைக் காட்டும், பிள்ளைக்குப் புரிந்ததா என்று ஆசிரியர்தான் பார்க்க வேண்டும்.