வெங்காயம் வேண்டாம் என்ற தோசைக்கல்

ஒரு காலத்தில், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன மெஸ்ஸின் சமையற்கட்டில் தினமும் ரகளையாக இருந்தது. யார் முதலில் வேலையைத் தொடங்குவது, யார் யாருக்கு வழிவிடுவது என்று காலையிலேயே சண்டை. இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக் கத்தும். கிரைண்டர் உறுமும். சட்னிச் சட்டி கோபித்துக்கொண்டு கவிழ்ந்து படுத்துவிடும்.

கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கூடி, தோசைக்கல்லைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தோசைக்குத்தான் வந்தார்கள். அதோடு, எவ்வளவு சூடு வைத்தாலும் வாயைத் திறக்காமல் கிடப்பது அது ஒன்றுதான். நல்ல தேர்வு என்றே சொல்ல வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகுதான் கெட்டுப்போனது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பைப் பற்றவைத்ததும் மாஸ்டர் சுயம்புலிங்கம் பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தோய்த்து, கல்லின் முகத்தில் அழுத்தித் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க வெங்காயம் பேசும். சும்மா பேசாது.

"இடது ஓரத்துல நேத்து கருகினது அப்படியே ஒட்டிக் கெடக்குவே. நடுவுல சூடு பத்தல. முந்தாநாள் ஒரு ஊத்தப்பத்தைக் கிழிச்சீரே, ஞாபகம் இருக்கா?"

கல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளும். கல்லுக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள். வெங்காயத்துக்கு வாய் இருக்கும்போது கல்லுக்குப் பல் இருந்தால் என்ன?

தலைவரான மறுநாள், பக்கத்தில் தொங்கிய தோசைக்கரண்டி மெதுவாக ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, நீங்க இப்ப தலைவரு. ஒரு வெங்காயம், அதுவும் பாதி வெங்காயம், உங்க மூஞ்சியில ஏறிக்கிட்டு குத்தம் சொல்லுது. பாத்துக்கிட்டு இருக்க எனக்கே மானம் போகுது."

கல்லுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் இது நமக்குத் தோன்றவில்லையே என்று அதற்கு வெட்கமாகக்கூட இருந்தது. உடனே வெங்காயத்தைக் கூப்பிட்டது.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"வராட்டா ஒட்டும்வே."

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

வெங்காயம் ரோஷக்காரி. உருண்டுபோய் அரிசி மூட்டைக்கு அடியில் புகுந்துகொண்டது. மறுநாள் காலையில் சுயம்புலிங்கம் கொஞ்சம் தேடிப் பார்த்தார். வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது, வேறு வெங்காயம் நறுக்க நேரமில்லை. ஒருநாள் தேய்க்காவிட்டால் குடியா முழுகிப்போகும் என்று மாவை ஊற்றிவிட்டார்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. வினையே அதுதான். பழைய எண்ணெயின் தயவில் தோசைகள் ஒழுங்காகவே வந்தன. "பாத்தீங்களா அண்ணாச்சி, உங்க மினுமினுப்புக்கு வெங்காயம் எதுக்கு?" என்றது கரண்டி. கல்லுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் யாரோ சப்பாத்தி கேட்டபோது, தலைவர் என்றால் எல்லாரையும் அனுசரிக்க வேண்டும் என்று அதையும் முகத்தில் போட்டுச் சுட்டுக் கொடுத்தது. மிச்சமிருந்த எண்ணெய்ப் பசையையும் சப்பாத்தி துடைத்துக்கொண்டு போனது.

அடுத்த நாள் காலையில், முந்தின நாள் போலவே தேய்க்காமல் ஊற்றிய முதல் தோசை ஒட்டியது. இரண்டாவதும் ஒட்டியது. மூன்றாவது, கல்லை விட்டு வரவே மாட்டேன் என்று அழுதது. சுரண்டிச் சுரண்டி கரண்டியின் முனை மழுங்கிப்போனது.

கல் உடனே கூட்டம் போட்டது.

"மாவு சரியில்ல."

"நான் என்னத்தச் செஞ்சேன்? அதே அரிசி, அதே உளுந்து!" என்று மாவு பொங்கி வழிந்தது.

"அப்ப அடுப்பு சரியில்ல."

அடுப்பு கோபத்தில் குப்பென்று எரிந்து அணைந்தது. சட்னிச் சட்டி வழக்கம்போலக் கவிழ்ந்து படுத்தது. கூட்டம் கலைந்தது.

வெளியே, லாரி புக்கிங் ஆபீஸ் வன்னியராஜ் தன் தட்டைக் கையில் தூக்கிக் காட்டினார். "என்னவே மாஸ்டர், தோசை கேட்டா உப்புமா தாரீரு?"

கடையே சிரித்தது. கல்லாவில் இருந்த முதலாளியம்மா செண்பகக்கனிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்தக் கல்லைக் கழட்டிப் பின்னால சாக்கடைக்கு மூடியாப் போடுங்க மாஸ்டர். நான் போய்ப் புதுக்கல்லு வாங்கிட்டு வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கல்லுக்கு அடுப்பு மேலேயே குளிர் கண்டுவிட்டது. ஆதரவு தேடிக் கரண்டியைப் பார்த்தது. கரண்டியோ, "புதுக்கல்லு அண்ணாச்சிக்கு எந்த ஊரோ?" என்று மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தது.

"ஏ வெங்காயம்! தலைவர் கூப்பிடுதேன்!" என்றது கல்.

மூட்டைக்கு அடியில் சத்தமே இல்லை.

கல் ஒருமுறை எல்லாரையும் பார்த்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சாக்கடை நாற்றம் அதைவிடக் கிட்டத்தில் இருந்தது.

"எனக்கு ஒட்டுது" என்றது மெதுவாக. "மாவு மேல தப்பில்ல, அடுப்பு மேல தப்பில்ல. நாந்தான். வந்து தேய்ச்சு விடு."

வாடிப்போன வெங்காயம் உருண்டு வந்து சுயம்புலிங்கத்தின் கால்விரலில் இடித்தது. "அட, இங்கதான் கெடக்கியா!" என்று அவர் எடுத்து, காய்ந்த பக்கத்தைச் சீவிவிட்டு, எண்ணெயில் தோய்த்தார். அது கல்லின் முகத்தில் ஏறியதும், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தது. சப்பாத்தியைப் பற்றித் தனியாக ஒரு பாட்டு பாடியது. கல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

அடுத்த தோசை, ஓரத்தைத் தொட்டதுமே எழுந்து வந்தது. வன்னியராஜ் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். வாசல்வரை போன செண்பகக்கனி அதைப் பார்த்துத் திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தார்.

வெங்காயம் மட்டும் அன்றோடு தேய்ந்து தோலாகிப் போனது. கல்லுக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது.

மறுநாள் புது வெங்காயம் வந்தது. இதற்கு முன் வந்தவையெல்லாம் வெறும் கல்லிடம் வந்தவை, கேட்காமலே பேசின. இதுவோ தலைவரிடம் வந்திருக்கிறது. நடுங்கிக்கொண்டே முகத்தில் ஏறி, "அண்ணாச்சி, நீங்க பளபளன்னு இருக்கீங்க. ஒரு குறையும் இல்ல" என்றது.

"எவ்வளவு மரியாதையான பிள்ள!" என்றது கரண்டி.

கேட்கக் கல்லுக்கும் இனிக்கத்தான் செய்தது. கொஞ்ச நேரம் அந்த இனிப்பிலேயே கிடந்தது. பிறகு பெருமூச்சு விட்டது.

"பயப்படாத. இடது ஓரத்தைப் பாத்துச் சொல்லு."

"கொஞ்சமா... கருகல் ஒட்டியிருக்கு அண்ணாச்சி."

"அப்புறம்?" என்றது கல்.