பேச்சு வராத போன்

"டீச்சர், கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான்."

"யாரை?"

"போனைத்தான்."

ஆசிரியை சிரித்தார். ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

முப்பிடாதி உட்கார்ந்தான்.

கயத்தாற்றுக்கு மேற்கே, காற்றாலைகள் நிற்கும் காட்டில் ஒரு தகரக் கொட்டகை. பியூலா டீச்சர் அங்கேதான் இருந்தார். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். ஒரு நாள் பாதி வகுப்பில் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவர்தான், திரும்பப் போகவில்லை என்பார்கள். ஏன் என்று கேட்டால், கேட்டவனிடமே வேறு ஏதாவது கேட்டுவிடுவார்.

செத்த போன்கள் அவரைத் தேடி வந்தன. சாகாமலே தூக்கிப் போடப்பட்ட போன்கள் அதைவிட அதிகமாக வந்தன. அவற்றிலிருந்து பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை ஏற்றுவது அவர் வேலை. ஆனால் அவர் கையால் ஏற்றித் தர மாட்டார். வந்தவனே ஏற்ற வேண்டும்.

முப்பிடாதி ஓர் ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். மோட்டார் போடுவான், வால்வு திருப்புவான். தண்ணீர் வரும்வரை அப்படி ஓர் ஆள் இருப்பது ஊருக்குத் தெரியாது. வராவிட்டால்தான் அவனோடு பேசுவார்கள். டீச்சரைவிட நன்றாகவே மூத்தவன். முன்தலை வெளுத்துவிட்டது.

"போன் நல்லாத்தான் இருக்கு டீச்சர். கண்ணாடிகூடக் கீறல. ஆனா புதுசா ஒண்ணும் வர மாட்டேங்கு. ஆவுடை கூப்பிடுத ஆப்பும் இனிமே இந்தப் போன்ல ஓடாதுன்னு எழுதிக் காட்டிட்டு."

"ஆவுடை யாரு?"

"வீட்ல."

"வீட்ல இருக்கவங்க எதுக்கு போன் போடணும்?"

"தூத்துக்குடில இருக்கா. தங்கச்சி வீட்ல."

"சண்டையா அண்ணாச்சி?"

"சண்டைலாம் ஒண்ணும் இல்ல."

அது உண்மை. அந்த வீட்டில் சண்டையே நடந்ததில்லை. சண்டை போடுவதற்கும் எதிராளி பேச வேண்டும். "சுவத்துகிட்ட பேசினா எதிரொலியாவது வரும்" என்று சொல்லிவிட்டு ஆவுடை பஸ் ஏறிப் போனாள். போனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவாள். முகம் தெரிகிற மாதிரிதான் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா என்பாள். அங்கே மழை உண்டா என்பாள். கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வைத்துவிடுவாள்.

இப்போது அதுவும் நின்றுபோயிருந்தது.

"புதுப் போன் வாங்கினா என்ன?" என்றார் ஆசிரியை.

"இதுக்கு என்ன குறைச்சல்?"

ஆசிரியை அவனைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"ஒரு குறைச்சலும் இல்ல. நாளைக்கு வாங்க."

*

மறுநாள் ஆசிரியை செய்முறையைச் சொல்லி, ஒரு பழைய லேப்டாப்பையும் கொடுத்தனுப்பினார். முப்பிடாதி வீட்டுக்குப் போய் முயன்றான். திரும்பி வந்தான்.

"கம்ப்யூட்டருக்குப் போனு தெரியவே மாட்டேங்கு டீச்சர். வயர் மாட்டினா சார்ஜ் மட்டும் ஏறுது. அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கான்னே அதுக்குத் தெரியல."

ஆசிரியை அவன் வயரை வாங்கிப் பார்த்தார். சுருட்டி ஆணியில் மாட்டினார். மேஜை டிராயரிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

"அதுல என்ன கோளாறு?"

"கோளாறு இல்ல. அது சோறு மட்டும் கொண்டுபோற வயரு. இது பேச்சும் கொண்டுபோகும்."

முப்பிடாதி இரண்டு வயரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒரே கருப்பு. ஒரே நீளம்.

"பாத்தா வித்தியாசமே தெரியலையே."

"தெரியாதுதான்" என்றார் ஆசிரியை.

*

அடுத்தது பூட்டு.

கம்பெனி போட்ட பூட்டைத் திறந்தால்தான் புது சிஸ்டம் போனுக்குள்ளே போகும். திறக்கும் முன் போன் ஒரு கேள்வி கேட்கும். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?

முப்பிடாதி சட்டென்று அமுக்கினான்.

ஆசிரியை எட்டிப் பார்ப்பதற்குள் திரை இருண்டுவிட்டது.

"யோசிக்கலையா அண்ணாச்சி?"

"யோசிக்க என்ன இருக்கு? உள்ள ஒண்ணும் கிடையாதே."

"போட்டோ?"

"தொட்டி போட்டோ கிடந்துச்சு. தண்ணி மட்டம் பாக்க எடுத்தது."

காற்றாலை ஒன்று தலைக்கு மேலே ஊளையிட்டுத் திரும்பியது.

"இங்க வர்றவங்க இந்தக் கேள்விலதான் நிப்பாங்க" என்றார் ஆசிரியை. "நாள்கணக்கா நிப்பாங்க. ஒருத்தரு அழுதுட்டுத் திரும்பியே போயிட்டாரு."

முப்பிடாதி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டீ குடிக்கியளா?" என்றார் ஆசிரியை.

*

அதன் பிறகு அவன் தனியாகத்தான் கற்றான்.

மோட்டார் அறையில் உட்கார்ந்து கற்றான். மோட்டார் இரைகிற நேரத்தில் படித்தான், நின்ற நேரத்தில் செய்து பார்த்தான். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும். ஓடி ஓரிடத்தில் நிற்கும். ஏன் நின்றது என்று தேடினால், உலகத்தின் எந்த மூலையிலோ யாரோ அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டிருப்பான். கேட்டு வருஷங்கள் ஆகியிருக்கும். கீழே பதில் இருக்காது. அந்த ஆள் அப்புறம் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது.

முப்பிடாதி அந்தக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் படிப்பான். கைக்குக் கிடைத்த துணை அதுதான்.

ஒரு நாள் போன் நடு வழியில் நிற்கவில்லை. புது சிஸ்டம் எழுந்து வந்தது.

அவன் மோட்டாரை நிறுத்தக்கூட மறந்தான். தொட்டி நிரம்பி வழிந்தது. அன்றைக்கு ஊரே அவனோடு பேசியது.

*

போனை ஆசிரியையின் மேஜைமேல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"வைஃபை எடுக்குது. டார்ச் எரியுது. இப்படிச் சாய்ச்சா படமும் சாயுது, பாருங்க. பாட்டு கேக்கு. முன்னைவிட வேகம்."

"கால் பண்ணிப் பாத்தியளா?"

"பாக்காம இருப்பனா? சிம் கம்பெனி நம்பருக்குப் போட்டேன். அந்தப் பொம்பளை தமிழுக்கு ஒண்ணை அமுக்குன்னா. அமுக்கினேன். என்னமா பேசுதா! கணீர்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன பேசினிய?"

"ரெக்கார்டு போட்டு வச்சதுகிட்ட நான் என்னத்தப் பேச?"

"வேற யாருக்கும் போட்டுப் பாக்கலையா?"

"யாருக்கு?" என்றான் முப்பிடாதி.

கிண்டலாகச் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டான்.

ஆசிரியை போனைத் துணியால் துடைத்து அவன் கையில் கொடுத்தார்.

*

அந்த ஞாயிறு ஆவுடை கூப்பிட்டாள். அதற்கு அடுத்த ஞாயிறு, வெயில் தாழும் முன்னே முப்பிடாதி கொட்டகைக்கு வந்து நின்றான். சட்டையில் பொத்தான் மாறிக் கிடந்தது.

"டீச்சர், போனுக்கு உயிர் வந்துட்டு. ஆனா பேச்சு போகல."

"யாரு சொன்னா?"

"ஆவுடைதான். ஆப்பு இல்லாததால சாதா கால்ல கூப்பிட்டா. அவ பேசுறது எனக்குக் கேக்கு. நான் பேசுறது அவளுக்குப் போகல. ஹலோ ஹலோங்கா. இருக்கியளா, இருக்கியளாங்கா. நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லுதேன், அவ பாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஹலோங்கா. கடைசில கோவம் வந்துட்டு."

"என்ன சொன்னாங்க?"

முப்பிடாதி தரையைப் பார்த்தான்.

"வேணும்னே ஊமைச்சாமி மாதிரி இருக்கியளா, அடுத்த வாரம் இன்னும் ஒரு தரம் போடுவேன், அப்பவும் இப்படின்னா இனிமே போட மாட்டேன், எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குன்னா. வச்சிட்டா."

"அடுத்த வாரம்னா?"

"இன்னைக்குத்தான்."

ஒரு வாரமாக அவன் மைக் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருந்தான். மாற்றியதைத் திரும்ப மாற்றியிருந்தான். ஒவ்வொரு தடவையும் சிம் கம்பெனிக்குப் போட்டு, அந்தப் பெண் பேசுவதை முழுக்கக் கேட்டிருந்தான்.

ஆசிரியை தன் பட்டன் போனை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

"இதுல கூப்பிட்டுச் சொல்லுங்க, மைக் கோளாறுன்னு. முடிஞ்சுது."

முப்பிடாதி அதைத் தொடவில்லை.

"புது நம்பர்னா எடுக்க மாட்டா."

"எடுக்காட்டி இன்னொரு தரம் போடுங்க."

"இதைச் சரி பண்ணிட்டா அவளே கூப்பிடுவா டீச்சர். அப்ப நல்லா பேசிருதேன்."

"நம்பர் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன?"

முப்பிடாதி சட்டைப் பொத்தானைத் திருகினான். பட்டன் போன் நடுவில் கிடந்தது.

ஆசிரியை அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பக்கத்துக் காற்றாலையின் அடிவரை நடந்தார். ஜன்னலுக்கு நேராக, இந்தப் பக்கம் பார்த்து நின்றார். சேலைத் தலைப்பு காற்றில் பறந்தது.

முப்பிடாதியின் போன் அடித்தது. எடுத்தான்.

"ஹலோ" என்றார் ஆசிரியை. "கேக்குதா அண்ணாச்சி? மைக்கை எதாவது மாத்தியிருக்கியளா? பழையபடி வச்சிட்டியளா?"

வைத்துவிட்டார். திரும்பி நடந்து வந்தார்.

"ஒண்ணும் கேக்கல" என்றார்.

"பாத்தியளா!" முப்பிடாதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் சொன்னேன்லா? என் பேச்சை யாரு நம்புதா? மைக்குதான் டீச்சர். மைக்கேதான்!"

"இன்னொரு தரம் பாப்போம். இந்தத் தடவ நான் கூப்பிட்டதும், ஒண்ணு ரெண்டுன்னு சத்தமாப் பத்து வரை எண்ணுங்க."

திரும்பவும் அவ்வளவு தூரம் நடந்தார். திரும்பவும் போன் அடித்தது. முப்பிடாதி எடுத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விறைப்பாக நின்று எண்ணினான்.

ஆசிரியை வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கினார்.

"எட்டை விட்டுட்டிய" என்றார்.

முப்பிடாதி சிரிக்கப் போனான். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப மைக்கு?"

"நல்லா இருக்கு. காத்துகூடக் கேட்டுச்சு."

"முதல் தடவ கேக்கலைன்னிய?"

"கேக்கல."

"நான் பதில் சொன்னேனே டீச்சர். நீங்க கேட்ட மூணுக்கும் ஆமான்னு சொன்னேனே."

"தலையை ஆட்டினிய. ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

முப்பிடாதி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

போனை மேஜைமேல் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"முகம் தெரியுத கால்ல அது போதும் டீச்சர். அவ பாத்துக்கிடுவா."

"ம்."

"போன வாரம் சாப்பிட்டியளான்னு கேட்டா. சாப்பிட்டேன், உனக்குப் பிடிச்ச கத்தரிக்காதான் வச்சேன், நல்லா வரலன்னு சொன்னேன். நிசமாவே சொன்னேன்."

ஆசிரியை அவன் முகத்தையே பார்த்தார்.

"சொன்ன மாதிரிதான் இருக்கு" என்றான் முப்பிடாதி.

வெளியே ஒரு காற்றாலை நின்றது. இன்னொன்று சுற்றத் தொடங்கியது. அவன் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

"இத்தனை வருஷமும் இப்படித்தானா டீச்சர்?"

ஆசிரியை எழுந்து வாசலுக்குப் போனார்.

மேஜைமேல் போன் அடித்தது.

திரையில் ஆவுடையின் எண். பெயர் இல்லை. பெயர்கள் எல்லாம் பூட்டைத் திறந்த அன்றைக்கே அழிந்துவிட்டன.

அவன் எடுத்தான்.

"ஹலோ."

அவன் தலை தானாக ஆடியது. கையால் தாடையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஹலோ. இருக்கியளா?"

வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பத்து வரை எண்ணத் தெரிந்த வாய்தான்.

"சரி. வைக்கேன்" என்றாள் ஆவுடை.

"டீச்சர்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினான் முப்பிடாதி. "எனக்கு என்ன பேசணும்னே தெரியலையே!"

ஆசிரியை திரும்பிப் பார்க்கவில்லை. பின்புறமாகக் கையை நீட்டி, அவன் காதில் இருந்த போனைக் காட்டினார்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவள் வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தான்.

"எனக்கும்தான் தெரியல" என்றாள் ஆவுடை. "தெரியாமத்தான் வாராவாரம் போடுதேன்."