கட்டாரி கடித்த செர்ரி மரம்

குளிர்ந்த மலைச்சரிவு ஒன்றில் செவந்தி என்ற முயலும் கட்டாரி என்ற முள்ளம்பன்றியும் அடுத்தடுத்த வளைகளில் குடியிருந்தார்கள். இருவர் தோட்டத்திலும் ஆளுக்கொரு செர்ரி மரம் நின்றது.

செவந்தி தன் மரத்தைக் கன்றிலிருந்து வளர்த்தவள். வேரில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினாள். வெயில் காலத்தில் சருகு பரப்பி ஈரம் காத்தாள். ஐந்து வருடம் கழித்துத்தான் முதல் பழத்தைக் கண்ணால் பார்த்தாள்.

கட்டாரியின் மரமும் நன்றாகவே காய்த்தது. ஆனால் எல்லோரும் செவந்தியின் பழத்தைத்தான் புகழ்ந்தார்கள். கட்டாரிக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு நாள் செவந்தி புல் மேய்ந்துவிட்டுத் திரும்பியபோது, மரத்தின் அடிப்பட்டை சுற்றிலும் உரிந்து கிடந்தது. பக்கத்தில் கட்டாரி வாயைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

“ஏன் இப்படிச் செய்தாய்?”

“இனி செர்ரி வேண்டுமென்றால் எல்லோரும் என் வாசலுக்குத்தான் வரவேண்டும்.”

செவந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “கேட்டிருந்தால் கூடை கூடையாகக் கொடுத்திருப்பேனே. என் ஐந்து வருட உழைப்பை அரை நாளில் கடித்துத் துப்பிவிட்டாயே. வெட்கமாக இல்லை?”

கட்டாரி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டான்.

சமாதானம் பேசக் கடமான் ஒன்று வந்தது. “போனது போகட்டும், செவந்தி. அக்கம்பக்கத்தில் இதெல்லாம் சகஜம்.”

“உன் கொம்பை ஒருவன் ஒடித்தாலும் இதையேதான் சொல்வாயா?” என்றாள் செவந்தி. கடமான் வந்த வழியே திரும்பிவிட்டது.

மரம் பட்டுப்போனது.

அடுத்த பங்குனியில் கட்டாரியின் மரம் கிளையே தெரியாமல் பூத்தது. பழம் பழுக்கும் நாளைக் குறித்து, அவன் மலை முழுவதையும் செர்ரி விருந்துக்கு அழைத்தான். பூக்கள் உதிர்ந்தன. ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை. விருந்து நாளில் வந்தவர்கள் வெறும் கிளைகளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“என் மரத்துக்கு நீதான் ஏதோ செய்துவிட்டாய்!” என்று கட்டாரி செவந்தியிடம் பாய்ந்தான்.

“செய்தது நீ. இந்தச் செர்ரிப் பூ தன் மரத்து மகரந்தத்தில் காய்க்காது. என் பூவிலிருந்து தேனீக்கள் கொண்டுவந்த மகரந்தத்தில்தான் உன் மரம் இத்தனை வருடமும் காய்த்தது. உன்னுடையதில் என் மரம் காய்த்தது.”

கட்டாரியின் முட்கள் படிந்தன. “அப்படியானால் சீக்கிரம் இன்னொரு கன்று நடேன்.”

“நடுவேன். குழியை நீ தோண்டு. தண்ணீரையும் நீயே சும. காய்க்கிற வரைக்கும்.”

விருந்துக்கு வந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டாரி மண்ணைப் பறித்தான். செவந்திக்குக் கோபம் ஆறவில்லை. “இன்னும் ஆழமாக” என்றாள்.

அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பொறுக்காமல் கெடுப்பவர், அவரால் தமக்கு வந்த நன்மையையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறார்.