கட்டிலடிப் பலாப்பழம்

மலைமேல் ஒரு சிறிய மடம். அதன் குரு உலகம்மை. அவருடைய சீடன் தாணு சமையல்கூடத்தைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது.

அந்த ஆனி மாதம் மழை விடவே இல்லை. மலைப்பாதை சரிந்து விழுந்தது. கீழேயிருந்து அரிசி வரும் வழி அடைபட்டது.

அன்றிலிருந்து தாணு அரிசிப் பானையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டான். சிறுவயதில் பஞ்சத்துக்குத் தங்கையைப் பறிகொடுத்தவன் அவன். வெறும் பானையை அவள் கரண்டியால் சுரண்டிய சத்தம் இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை.

மடத்து மரத்தில் கடைசியாக ஒரு பலாக்காய் முற்றி நின்றது. அதை யாருக்கும் தெரியாமல் வெட்டி, சாக்கில் சுற்றித் தன் கட்டிலுக்கடியில் வைத்தான். எல்லாம் தீர்ந்த பிறகும் இது இருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

பலா பழுத்தது. வாசம் கதவிடுக்கில் கசிந்து கூடமெங்கும் பரவியது. தாணு சன்னலை அடைத்தான். சாம்பிராணி போட்டான். வாசம் அதையும் மீறி வந்தது. யாராவது மூச்சை இழுத்தாலே அவன் திரும்பிப் பார்த்தான்.

ஒரு காலையில் இடி விழுந்தாற்போல மலை அதிர்ந்தது. சற்று நேரத்தில், மடத்துக்குச் சற்றுக் கீழே சரிவில் இருந்த கீழ்க்குடியைச் சேர்ந்தவர்கள் சேறும் சகதியுமாக மடத்து வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் குடிசைகளை மண் மூடிவிட்டது. பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

உலகம்மை சமையல்கூடத்துக்கு வந்தார்.

"தாணு, என்ன இருக்கு?"

"கொஞ்சம் நொய் இருக்கும்மா. வேற ஒண்ணுமில்ல."

"பலாப்பழ வாசம் வருதே."

தாணு குனிந்து அடுப்புச் சாம்பலைக் கிளறினான்.

உலகம்மை எண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"பால் ஒட்டும். கையில நல்லா தேச்சுக்க. பழத்தை எடுத்துட்டு வா."

இருவரும் உட்கார்ந்து அறுத்தார்கள். பழத்தின் ஒரு பக்கம் அழுகியிருந்தது. அதைப் பூசணிக்கொடியின் அடியில் போடச் சொன்னார் உலகம்மை. முள்தோல் பசுவுக்குப் போனது. பிள்ளைகள் முழங்கை வரை சாறு வழியச் சுளைகளைத் தின்றன. ஒரு சிறுமி விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள்.

தட்டு காலியாகக் காலியாகத் தாணு மிச்சச் சுளைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் குடுத்துட்டா நாளைக்கு என்னம்மா செய்யறது?"

"கொட்டை இருக்கு. முருங்கைக்கீரை போட்டு வேகவைப்போம்."

"நாளன்னைக்கு?"

"நடுத்தண்டும் நாரும் கிடக்கே. பொடியா அரிஞ்சு வதக்கினா கஞ்சிக்குத் தொட்டுக்க ஆச்சு."

"அதுக்கப்புறம்?"

"மழைக்குத் தகரைக்கீரை முளைச்சிருக்கும். நனைஞ்சுக்கிட்டே பறிப்போம்."

எங்கோ மறுபடியும் மண் சரியும் ஓசை கேட்டது. தாணு குருவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அதுவும் தீர்ந்துட்டா?"

உலகம்மை கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மற்றொரு கையால் கடைசிச் சுளையை எடுத்துப் பல்லால் கடித்து இரண்டாக்கினார். ஒரு பாதியை அவனிடம் நீட்டினார்.

"அப்போ நானும் உன்கூடப் பட்டினி கிடப்பேன். இப்போ சாப்பிடு."