ரோபோவுக்கு விட்டுப்போன பொட்டு

இந்தக் கதையின் குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் ஜெசிந்தா, சின்ன வயது இன்ஜினியர். நரைத்த மீசை சீடருக்குத்தான். அவர் சிங்காரவேலு, ஒரகடம் பக்கம் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ரோபோவை ஆபத்தில்லாமல் ஓட்டுவது எப்படி என்று சில மாதங்களாக ஜெசிந்தாவிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

அன்று ஆயுத பூஜை. புது ரோபோ முதன்முதலாக ஓடப்போகிற நாள். எம்.டி. வந்து பார்ப்பார். சரியாக ஓட்டிக் காட்டினால் ரோபோ சிங்காரவேலுவின் பொறுப்பு. சொதப்பினால் வேறு யூனிட்டிலிருந்து ஆள் வந்துவிடும். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு பயம்.

விடிந்ததும் வந்து வாழைக்கன்று கட்டினார். கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தார். கம்ப்யூட்டருக்கு, ஸ்விட்ச் போர்டுக்கு, உட்காரும் நாற்காலிக்கு. புகை பட்டால் அலாரம் அலறிவிடும் என்பதால் ஹாலுக்குள் கற்பூரம் மட்டும் கிடையாது.

"என் புருஷன்கூட எனக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துச் செஞ்சதில்ல," என்றார் பவுனம்மா. சாலிடரிங் வரிசையில் மூத்தவர். வாயிலும் மூத்தவர்.

"மாப்பிள்ளை இன்னைக்கு ஜொலிக்கணும்ல!" என்றார் சிங்காரவேலு.

மாப்பிள்ளை ஓர் இரும்புக் கை. போர்டை எடுத்து டெஸ்ட் மெஷினில் வைக்கும். அதைச் சுற்றி மூன்று பக்கம் கம்பிவலை. முன்பக்கம் திறப்பு. அதன் இரண்டு ஓரத்திலும் சென்சார் கம்பங்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. யார் குறுக்கே வந்தாலும் ரோபோ நின்றுவிடும்.

எம்.டி. வந்தார். மொத்த ஷிப்டும் கூடிவிட்டது. சிங்காரவேலு பச்சைப் பட்டனை அழுத்தினார்.

ரோபோ அசையவில்லை.

மறுபடி அழுத்தினார். ஒளித்திரையில் ஏதோ தடை இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. எட்டிப் பார்த்தார், யாருமில்லை. பின்பக்கம் ஓடிப் பார்த்தார், அங்கும் யாருமில்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்குக் காது சுட்டது.

ஜெசிந்தாவிடம் ஓடினார்.

"மேடம், சென்சார் மக்கர் பண்ணுது. ஒரு துண்டு வயர் போட்டா சென்சார் இல்லாமலே ஓட்டிடலாம். ரெண்டே நிமிஷம்." வயரைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

"ஏன் நிக்குது அண்ணா?"

"அதான் தெரியல மேடம்."

"தெரிஞ்சதும் ஓட்டலாம்."

"உள்ளே யாரும் இல்ல, என் கண்ணால பார்த்துட்டேன். எம்.டி. நிக்கிறாரு மேடம்!"

"நிக்கட்டும். அவருக்கு நல்ல காலுதான்."

சிங்காரவேலுவுக்கு அழுகையே வந்துவிட்டது. வயரைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

ஜெசிந்தா நிதானமாகக் கம்பிவலையைச் சுற்றி வந்தார். ஒரு கம்பத்தின் அருகில் மண்டியிட்டு, துணியால் எதையோ துடைத்தார். எழுந்து துணியை நீட்டினார். மஞ்சளாக ஒரு தீற்றல், நடுவில் சிவப்பு.

சிங்காரவேலு தன் மோதிர விரலைப் பார்த்தார். அதே சந்தனம்.

"சென்சார் கண்ணுக்குமா வெச்சீங்க?"

"ஒரு குறையும் இருக்கக் கூடாதேன்னு..."

"போய் ஓட்டுங்க அண்ணா."

அழுத்தினார். இரும்புக் கை எழுந்தது, சுழன்றது, போர்டை எடுத்தது, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மெஷினில் வைத்தது. உடனே அடுத்தது. அதற்கடுத்தது. கைதட்டலில் ஹாலே அதிர்ந்தது. விசில் பறந்தது. எம்.டி. அவர் தோளில் தட்டி, "இனிமே இது உங்க பொறுப்பு" என்றார்.

சிங்காரவேலுவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஓடுது மேடம்! ஓடுது!"

"ஓடுது அண்ணா."

"இருந்தாலும் பாருங்க, பொட்டுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாத மெஷினு! இத்துனூண்டு சந்தனத்துக்கு என்னை என்ன பாடு படுத்திடுச்சு!"

ஜெசிந்தா பதில் சொல்வதற்குள் பவுனம்மாவின் குரல் கேட்டது.

"ஊருக்கெல்லாம் வெச்சுட்டு மாப்பிள்ளைக்கு வைக்காம விட்டுட்டாரு பாருங்கடி!"

சொன்னவர் குங்குமத்தைத் தொட்டு, முன்பக்கத் திறப்பு வழியாக, ஓடிக்கொண்டிருந்த ரோபோவை நோக்கிக் கையை நீட்டினார்.

திரும்பி வந்த இரும்புக் கை பட்டென்று நின்றது. அதற்கும் பவுனம்மாவின் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம்.

"ஐயோ, என்னைப் பார்த்து வெட்கப்படுதுடி!" என்றார் பவுனம்மா. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

சிங்காரவேலு சிரிக்கவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். வயர் அங்கேயே இருந்தது. பவுனம்மாவின் கையும் முழுசாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம்," என்றார். "அது கைன்னு... அதுக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லண்ணா. பொட்டா, கையான்னு அதுக்கு இப்பவும் தெரியாது," என்றார் ஜெசிந்தா. "தெரியாதப்போ நிக்கத் தெரியும்."